நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்

அத்தியாயம் பதினான்கு

தேடுபொறியிலிருந்து வந்த கடிதத்தில் மொத்தம் நான்கு வரிகள்தான். உங்கள் தளத்தை நோக்கி இயற்கையாக அமையாத இணைப்புகள் பல இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். அவ்வளவே.

கடிதம் வருவதற்கு முன்பே பட்டறையின் பெயர் தேடலின் முதல் பக்கத்திலிருந்து ஆறாம் பக்கத்துக்குச் சரிந்திருந்தது. ஆறாம் பக்கம்வரை பொறுமையாகத் தேடிப் போகிறவர்கள் உலகில் யாரும் இல்லை. நாளுக்கு எட்டு, பத்து முறை ஒலித்த பட்டறைத் தொலைபேசி இப்போது தவறான எண்ணைப் போட்டவர்களுக்காக மட்டும் ஒலித்தது.

எல்லாம் சின்னவனின் கைங்கரியம். அவன் அப்பா ஆளுக்கு ஏற்ற அளவில் சக்கர நாற்காலி செய்பவர். ஆர்டர், வண்டி, வலைத்தளம் மூன்றும் அவன் பொறுப்பு. போன ஆண்டு தொலைபேசியில் தேனொழுகப் பேசிய ஒரு நிறுவனத்தை நம்பி, மற்ற தளங்களிலிருந்து தங்கள் தளத்துக்கு நூற்றுக்கணக்கில் இணைப்புகளை விலைக்கு வாங்கினான். இரண்டு மாதம் ஏறுமுகம். அப்புறம் ஒரேயடியாகக் குப்புற விழுந்தது. போன வாரம் சாப்பாட்டு மேசையில் அதை ஒப்புக்கொண்டபோது, அப்பா ஒன்றும் சொல்லாமல் கை கழுவ எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை என்று அவன் மனைவியிடம் சொன்னான்.

குப்பையைக் கிளறிப் பிரிக்கும் வேலை அந்த மனைவியிடம், இந்த வீட்டு மருமகளிடம், வந்து சேர்ந்தது. அவள் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். நாளுக்கு நூறு பக்கம் படித்துப் பிழை பொறுக்குகிறவளுக்கு நானூறு இணைப்பு எந்த மூலைக்கு என்று சின்னவன் சொன்னான். அவள் மூன்று நாள் விடுப்புப் போட்டாள்.

இன்று இரண்டாவது நாள், புதன்கிழமை.

பட்டறையின் மாடியில் அலுவலகம் என்று பெயர் பெற்ற ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கணினி, மூலையில் ரெக்சின் சுருள்கள், அலமாரியில் அளவு வாரியாகச் சின்னச் சக்கரங்கள். கீழே வெல்டிங் நடக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நீலமாகிப் பிறகு வெளுக்கும்.

பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொன்றையும் திறந்து படித்தாள். சூதாட்டத் தளம் ஒன்று. நாய் வளர்ப்பது பற்றி ஒன்று. முடி கொட்டுகிறவர்களுக்கு ஒன்று. அத்தனையிலும் சம்பந்தா சம்பந்தமில்லாத இடத்தில் நீல எழுத்தில் ஒரே சொற்கள்: மலிவான தரமான சக்கர நாற்காலி. அறுபது தளங்களில் பக்கத்தின் அடியில் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு. நூறு பேர் அவரவர் வாயால் பேசினால் ஒரே வாக்கியம் வராது என்பது அவள் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரே வாக்கியம் வந்தால், எழுதிக்கொடுத்தவன் ஒருவன்.

இடையிடையே நல்லவையும் தட்டுப்பட்டன. மருத்துவமனை ஒன்று, வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்காக எழுதிய பக்கம். நடக்க முடியாத குழந்தைகளின் பெற்றோர் நடத்தும் சங்கத்தின் பக்கம். நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தளம் ஒன்று. அந்தத் தளம், இங்குள்ள இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்கே குறிப்பு வைத்திருந்தது. தரவரிசைக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை. ஆனால் அங்கிருந்து மனிதர்கள் வந்திருந்தார்கள். அதை அவள் நல்லவற்றில் சேர்த்தாள்.

பத்து மணிக்கு மாமனார் ஒரு வரைபடத்தைத் தேடிக்கொண்டு மேலே வந்தார். எடுத்ததும் போய்விடவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“இதுல எது நல்லது, எது சொத்தைன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிற?”

அவள் சொன்னாள். அந்தப் பக்கத்தை நிஜமாகவே யாராவது படிக்கிறார்களா என்று பார்ப்பாள். எழுதியவருக்கு நாற்காலியைப் பற்றி ஏதாவது தெரியுமா, அந்த இடத்தில் நம் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் இருந்ததா என்று பார்ப்பாள். காரணம் இல்லாமல் நம் பெயர் வந்திருந்தால், யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாமனார் யோசித்தார். “கூலிக்குக் கைதட்ட ஆள் வெச்சது தனி. கேட்டு ரசிச்சுத் தட்டினவன் தனி.”

“அதேதான் மாமா. ரசிச்சுத் தட்டினவன் பத்துப் பேர் இருந்தாலே போதும்.”

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

இருநூற்று எண்பத்தேழாவது பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட் நடத்தும் தளத்தில் இருந்தது. ‘நாற்காலி வாங்கும் முன்’ என்று தலைப்பு. புண் வராமல் உட்காருவது எப்படி, முழங்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி வேண்டும், கைப்பிடி உயரம் என்ன என்று நீளமான, தெளிவான பக்கம். நடுவில் இப்படி ஒரு பத்தி:

“அளவெடுத்துச் செய்கிறவர்களில் நான் இவரைத்தான் சொல்வேன். சட்டம் இருபது வருஷம் உழைக்கும். ஒன்று மட்டும். நோயாளியைப் பலகையில் உட்கார வைத்து இடுப்பு அகலம் எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுக்க விடாதீர்கள். முனகுவார். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.”

‘இவரை’ என்ற சொல் நீலமாக இருந்தது. அது பட்டறையின் தளத்துக்குப் போனது.

மருமகள் சிரித்துவிட்டாள். நேற்றும் இன்றும் படித்த கிட்டத்தட்ட முந்நூறு பக்கங்களில், குறை சொல்லிக்கொண்டே ஒருவரைப் பரிந்துரைத்த பக்கம் இது ஒன்றுதான். நல்லது என்று குறித்தாள். அடுத்ததற்குப் போகுமுன் ஒரு சந்தேகம் வந்தது. மாமனார் முனகுவார் என்பது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தின் அடியில் புகைப்படம் இருந்தது. நாற்பது வயதுப் பெண். வலது புருவம் இடது புருவத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏறி, யாரையோ கேள்வி கேட்பதுபோல நின்றது. அந்தப் புருவத்தை அவள் தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே, மாமனாரின் முகத்தில் பார்க்கிறாள்.

பெரியவள். அவளுடைய நாத்தனார்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மருமகள் அவளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. துண்டு துண்டாகக் கேள்விப்பட்டதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன் பெரியவளும் இதே பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்தாள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்மணிக்கு அவர் படுக்கையிலேயே அளவெடுத்து நாற்காலி செய்துகொடுத்தார். உட்கார்ந்தால் உடம்பு அகலும் என்று பெரியவள் முதலிலேயே சொன்னாள். அவர் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பெண்மணிக்கு இடுப்பில் புண் வந்தது. வீட்டார் கேட்க வந்தபோது, தப்பு எங்களுடையது என்று பெரியவள் அவர்கள் முன்னாலேயே சொன்னாள். வந்தவர்கள் போனபின், வாடிக்கையாளர் எதிரில் அப்பனைத் தலைகுனிய வைத்தவள் என் கூரைக்கு அடியில் இருக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். அவள் இருக்கவில்லை. அதன்பின் இரண்டு பேரும் பேசவில்லை.

மருமகள் தளத்துக்கு வந்து போனவர்களின் பதிவைத் திறந்தாள். போன ஒரு வருஷத்தில் இந்த ஒரு பக்கத்திலிருந்து வந்து நாற்காலி வேண்டும் என்று எழுதியவர்கள் நாற்பத்து மூன்று பேர். விலைக்கு வாங்கிய இணைப்புகளிலிருந்து வந்தவர் ஒருவரும் இல்லை.

சின்னவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து, திரையைப் பார்த்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அக்காவின் முகத்தை அவனும் ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறான். ஆனால் அவன் முகம் வெளுத்ததற்குக் காரணம் அது மட்டுமல்ல.

“நேத்து சாயங்காலம் லெட்டரை அனுப்பிட்டேன்” என்றான்.

“எந்த லெட்டரை?”

“நீ எழுதிக் கொடுத்தியே, லிங்க்கை எடுக்கச் சொல்லி. எல்லாருக்கும்.”

“சொத்தைன்னு நான் குறிச்சவங்களுக்குத்தானே?”

“எல்லாருக்கும். நீ ஒவ்வொண்ணா பார்த்து முடிக்க இன்னும் ரெண்டு நாள் ஆகும். வெறும் அட்ரஸ்தானே, மொத்தமாப் போட்டு அனுப்பிட்டேன். தேடுபொறிக்கும் மொத்தப் பட்டியலை ஏத்திட்டேன், இது எதையும் கணக்குல எடுக்காதீங்கன்னு.”

மருமகள் தான் எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்த்தாள். நினைக்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவள் பார்த்துப் பார்த்து வைத்தது. ‘தங்கள் பக்கத்திலிருந்து வரும் இணைப்பு எங்கள் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கிறது. தங்களோடு எங்களைச் சேர்த்துக் காட்டுவதை நாங்கள் விரும்பவில்லை. தயவுசெய்து உடனே அகற்றவும்.’ கீழே, உரிமையாளர் என்ற முறையில், மாமனாரின் பெயர்.

அவள் நாத்தனாரின் பக்கத்தை மீண்டும் திறந்தாள். தலைப்பு இருந்தது. முழங்கால், கைப்பிடி, புண் எல்லாம் இருந்தன. நடுப்பத்தி மாறியிருந்தது: “அளவெடுத்துச் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.” நீலம் எங்கும் இல்லை.

இரண்டு நிமிஷம் கழித்துப் பட்டறையின் அஞ்சல் பெட்டிக்கு ஒரு பதில் வந்தது. “அகற்றிவிட்டேன்.” கீழே பெயர்கூட இல்லை.

சின்னவன் ஜன்னலருகே போய் நின்றான். அக்கா வீட்டைவிட்டுப் போன அன்று அவளுடைய பெட்டியைத் தெருமுனைவரை தூக்கிப் போனவன் அவன்தான். திரும்பி வந்து அப்பாவுக்குப் பயந்து அவளுக்கு ஒரு போன்கூடப் போடாதவனும் அவன்தான். கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான்.

“லிங்க் இருந்ததே அவருக்குத் தெரியாது. இருந்தது தெரியாதவருக்குப் போனது மட்டும் எதுக்குத் தெரியணும்?”

அதில் நியாயம் இருப்பதுபோல்தான் அவளுக்கும் பட்டது. முதலில் தேடுபொறிக்கு ஏற்றிய பட்டியலைத் திரும்பப் பெற்றாள். நல்லதைப் பொறுக்கி எடுத்தபின் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. கடிதத்தை அப்படித் திரும்பப் பெற முடியாது. பெயர் மாமனாருடையது. தன் பெயரில் போன கடிதம் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து கீழே போனாள்.

மாமனார் ஒரு சக்கரத்தை இரும்புக் கவட்டையில் மாட்டிச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். உங்கள் மகள் ஒரு பக்கம் எழுதுகிறார்கள், அதில் நம்மைச் சொல்லியிருந்தார்கள், ஒரு வருஷமாக ஆட்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள்.

“தெரியும்” என்றார் அவர்.

அவளுக்குப் பின்னால் படியில் இறங்கி வந்துகொண்டிருந்த சின்னவன் அப்படியே நின்றான்.

“போன வருஷத்துலேர்ந்து வர்றவங்க எல்லாம் ஒரே மாதிரி கேக்கறாங்க. பலகையில உட்கார வெச்சு அளவெடுங்கன்னு. மொத ஆள் கேட்டப்போ யாரோ டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். மூணாவதா வந்த அம்மா, ‘நீங்க முனகுவீங்கன்னும் சொன்னாங்க’ன்னாங்க.” சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். “என்னைப் பத்தி அப்படிச் சொல்ற ஆள் ஒருத்திதான்.”

சுவரோரம் கிடந்த பலகைப் பெஞ்சை மருமகள் பார்த்தாள். இழைத்த பலகை, இரண்டு பக்கமும் அங்குலக் கோடு. ஒரு வருஷமாக அதில்தான் அளவெடுக்கிறார். புது முறை என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“நாலு பேருக்கு ரெண்டு விதமாவும் எடுத்துப் பார்த்தேன்” என்றார். “உட்கார்ந்தா ரெண்டு விரல் கூடுது. அவ சொன்னதுதான் சரி.”

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மருமகள் மீதியையும் சொன்னாள். அவர் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். கைபேசியில் இருந்ததை அவள் வாய்விட்டுப் படித்தாள். மூன்று வாக்கியம்தான். ‘தங்களோடு எங்களைச் சேர்த்துக் காட்டுவதை’ என்ற இடத்தில் அவள் குரல் தானாகவே தாழ்ந்தது.

“கீழ யார் பேரு?”

“உங்க பேருதான் மாமா.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சின்னவன் மன்னிப்புப்போல ஏதோ ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் எழுதின மாதிரியேதான் இருக்கு. அன்னிக்கு நான் சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.” பிறகு மருமகளிடம், “நீ எழுதினது. நீயே பேசு” என்றார்.

மூன்று மணிக்கு அவள் மாடியிலிருந்து அழைத்தாள். நாத்தனாரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்து, அண்ணி என்று முடிவு செய்துகொண்டாள். ஐந்தாறு முறை மணி அடித்தபின் எடுத்தார்கள். பின்னணியில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சு வாங்க எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தான் யார் என்று சொன்னாள். “சொல்லுங்க” என்றது மறுமுனை.

விலைக்கு வாங்கிய இணைப்புகளையும், தேடுபொறியின் கடிதத்தையும், நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே கடிதம் போனதையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்னவன் மேல் பழியைப் போடவில்லை. நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எழுதினது யாரு?”

“நான்தான் அண்ணி.”

“நெனச்சேன். அப்பாவுக்குத் தயவுசெய்துன்னு எழுத வராது.” கொஞ்சம் நிறுத்தி, “நல்லா எழுதியிருந்தீங்க. ஒரு பிழை இல்ல” என்றாள்.

பதினோரு வருஷத் தொழிலில் மருமகளுக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் இப்படி வலித்ததில்லை. பதில் தேடினாள். கிடைத்தது ஒன்றுதான்.

“மாமா இப்போ பலகையில உட்கார வெச்சுத்தான் அளவெடுக்கறார்.”

மறுமுனையில் எண்ணுகிற குரல் பதினேழில் நின்றிருந்தது. நாத்தனார் ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும்.

“எப்பலேர்ந்து?”

“ஒரு வருஷமா. அவரே பெஞ்சு செஞ்சார். நீங்க சொன்னது சரின்னு இன்னிக்கு என்கிட்ட சொன்னார்.”

பிறகு மருமகள், அந்த இணைப்பைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டாள்.

“நீங்க கேட்டு நான் போட்டா, அதுவும் உங்க நானூறுல ஒண்ணுதான்” என்றாள் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை. “அப்போ எனக்கு எழுதணும்னு தோணிச்சு, எழுதினேன். இப்போ எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். மறுபடி எழுதணும்னா நான் ஒரு நாற்காலியைப் பார்க்கணும்.”

சனிக்கிழமை அவளிடம் ஒரு பெண் வருகிறாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், விபத்துக்குப் பின் முதல் நாற்காலி வாங்கப் போகிறாள். அப்பா வரட்டும். அளவை மகள் எடுப்பாள், அப்பா நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நாற்காலி நன்றாக அமைந்தால் நன்று என்று எழுதுவாள். அமையாவிட்டால் அதையும் எழுதுவாள். இதற்குச் சம்மதம் என்றால் வரச் சொல்லுங்கள் என்று சொல்லி, நோயாளி காத்திருக்கிறார் என்று வைத்துவிட்டாள்.

சின்னவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். குரல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டான். உங்கள் குரல் மாதிரி, கொஞ்சம் நிதானமாக, என்றாள். அவன் எழுந்து அவளோடு கீழே வந்தான்.

பட்டறையில் மாமனார் வேலையை விட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருமகள் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தாள். அளவு மகள் எடுப்பாள், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்ற இடம் வந்தபோது சின்னவன் தரையைப் பார்த்தான். நாற்பது வருஷத்தில் அவர் பிடித்த அளவு நாடாவை வேறொருவர் பிடித்து யாரும் பார்த்ததில்லை. அப்பா போக மாட்டார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே ஒரு வண்டி பின்னுக்கு வந்து நின்று, சரக்கு எதுவும் இறக்காமல் கிளம்பிப் போயிற்று.

“எத்தனை மணிக்கு?” என்றார் மாமனார்.

மருமகள் அதை நாத்தனாரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அசடு வழிய நின்றாள். மறுபடி அதே எண்ணை அழுத்தினாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அவள் கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

அவர் கையிலிருந்த கிரீஸைப் பேன்ட்டில் துடைத்தார். வாங்கிக் காதில் வைத்தார்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்குன்னு நீ சொல்லலையேம்மா” என்றார்.